லீவு முடிந்து வேலைக்கு வரும் குதிரை

மும்பையில் குதிரைக்கும் லீவு உண்டு. ஆலைத் தொழிலாளிக்கும் ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் கிடைப்பதைவிட நீண்ட லீவு!

வட இந்தியக் கல்யாணங்களில் மாப்பிள்ளை குதிரை மீது ஏறி, பாண்டு வாத்தியம் முழங்க ஊர்வலம் வருவதை சயானிலும் செம்பூரிலும் வசிக்கும் தமிழர்கள் எத்தனையோ தடவை பார்த்திருப்பார்கள். அது பெரும்பாலும் பெண் குதிரை. ‘கோடி’ என்று அழைப்பார்கள். மழைக்கால மாதங்களில் அதற்கு வேலை கிடையாது. நமக்கு ஆடி மாதம் எப்படியோ, அவர்களுக்கு ‘சாதுர்மாசம்’ அப்படி. நான்கு மாதம் முகூர்த்தமே இல்லை. தீபாவளி கழித்து ஏகாதசி வந்த பிறகுதான் கல்யாண மேளம் கேட்கும்.

மாதேரான் மலையில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை இருப்பதால் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கக் குதிரைகள் இருக்கின்றன. மழைக்காலத்தில் அங்கே கூட்டம் குறைந்துவிடும். நேரலிலிருந்து மலையேறும் சின்ன ரயிலும் நின்றுவிடும். மகாலட்சுமி ரேஸ் குதிரைகளின் கதை வேறு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மும்பையிலும், ஜூலை முதல் அக்டோபர் வரை புனேயிலும் பந்தயம் நடக்கும். அடிபட்ட குதிரையும் களைத்த குதிரையும் இடையில் மாதக்கணக்கில் ஓய்வில் நிற்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எல்லாக் குதிரைகளுமே ஒரே நாளில் ‘லே-ஆப்’ ஆகிவிட்டன!

லீவு முடிந்த முதல் நாள் குதிரை எப்படி இருக்கும்? தோல் பளபளக்கும். வயிறு உருண்டிருக்கும். கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளும். பார்ப்பவர்கள், “நல்ல ஓய்வு எடுத்திருக்கிறது. இனி இரட்டிப்பு வேலை வாங்கலாம்” என்பார்கள்.

அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

மூச்சு முந்தும், கால் பிந்தும்

குதிரையின் உடம்பில் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் பலம் இழப்பதில்லை. ஒரே வேகத்தில் பலம் பெறுவதும் இல்லை. ஓய்வில் இருந்த குதிரையை வேலைக்குத் திருப்பும் கலை முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது.

இதயத்தை எடுத்துக்கொள்வோம். மனிதனின் நாடி நிமிஷத்துக்கு 72 தடவை துடிக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிஷத்துக்கு 30 முதல் 40 தடவைதான். அதே குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது 200-ஐத் தாண்டிவிடும்! இன்னொரு அதிசயம், அதன் மண்ணீரல். ரத்தச் சிவப்பணுக்களை அது பாங்கியில் டெபாசிட் போடுவதுபோல் சேர்த்து வைத்திருக்கிறது. குதிரை ஓடத் தொடங்கியதும் மண்ணீரல் சுருங்கி, அவ்வளவையும் ரத்தத்தில் கொட்டிவிடும். பிராண வாயு சுமக்க உடனே ஆள் பலம் கிடைத்துவிடுகிறது.

இப்படிப்பட்ட இதயமும் நுரையீரலும் இரண்டு மூன்று வார ஓய்வில் அதிகம் கெட்டுப்போவதில்லை. கெட்டாலும், வேலை கொடுத்தால் சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். சதை திரும்புவதற்கு இன்னும் கொஞ்ச காலம் பிடிக்கும்.

கால்கள் விஷயம் அப்படி இல்லை. குதிரையின் முழங்காலுக்குக் கீழே தடவிப் பார்த்தால் சதையே தட்டுப்படாது. எலும்பும், அதன் பின்னால் கயிறு போல் ஓடும் தசைநாண்களும்தான். பேச்சு வழக்கில் ‘நரம்பு’ என்று சொல்வது இதைத்தான். பந்தயக் குதிரையின் எடை 450 முதல் 500 கிலோ. பாய்ச்சலில் ஒரு கால் தரையைத் தொடும் கணத்தில் அந்த எடையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் அந்த ஒற்றைக் காலில் இறங்குகிறது. தாங்கிக்கொள்வது விரல் பருமனுள்ள அந்தக் கயிறு!

தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. ஆகவே அது மெதுவாகத்தான் பலப்படும். எலும்பும் லாயத்தில் நின்ற காலத்தில் தன் உறுதியைக் கொஞ்சம் இழந்திருக்கும். அதைத் திரும்பப் பெற மாதக்கணக்கில் ஆகும். ஆக, ஐந்தாவது ஆறாவது வாரத்தில் குதிரைக்கு மூச்சு சரியாகிவிடும். ‘ஓடு, ஓடு’ என்று உள்ளம் துடிக்கும். கால் மட்டும் இன்னும் தயாராகியிருக்காது. அனுபவமில்லாதவர்கள் ஏமாறும் நேரம் இதுதான்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், எலும்பு முறிந்த பந்தயக் குதிரைகளின் கணக்குகளை மருத்துவர்கள் ஆராய்ந்து 1998-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இரண்டு மாதமோ அதற்கு மேலோ வேகப் பயிற்சி இல்லாமல் இருந்துவிட்டுத் திரும்பும் குதிரைகளுக்கு, முன்னங்காலின் மேல் எலும்பு முறியும் அபாயம் கூடுதல் என்பதே அது. சும்மா இருந்த காலத்தில் குதிரைக்கு ஒன்றும் நேரவில்லை. திரும்பி வந்ததும் கொடுத்த அவசரப் பயிற்சியில்தான் முறிந்தது!

நொண்டிக் குதிரையும் நொண்டி ஜாக்கியும்

பொறுமைக்குப் பலன் கிடைத்த கதை ஒன்று உண்டு. சினிமாவாகவும் வந்தது.

சீபிஸ்கட் என்பது அந்தக் குதிரையின் பெயர். 1930-களில் அமெரிக்கா முழுவதும் வேலையில்லாத் திண்டாட்டம் தாண்டவமாடிய நேரத்தில் ஏழை ஜனங்களின் செல்லப் பிராணியாக இருந்தது. குட்டையான உருவம். பார்த்தால் பந்தயக் குதிரை என்று சொல்ல முடியாது. அதன் சொந்தக்காரர் சார்லஸ் ஹோவர்டு சைக்கிள் ரிப்பேர் கடையில் தொடங்கி, கார் விற்றுப் பணக்காரர் ஆனவர். பயிற்சியாளர் டாம் ஸ்மித் அதிகம் பேசாத மனிதர். ஜாக்கி ரெட் பொல்லார்டுக்கு ஒரு கண் பார்வை கிடையாது. அதை வெளியே சொல்லாமலே பந்தயம் ஓட்டி வந்தார்.

சாண்டா அனிடா என்ற இடத்தில் நடக்கும் பெரிய பந்தயத்தில் சீபிஸ்கட் 1937-லும் 1938-லும் மூக்கு நுனி வித்தியாசத்தில் தோற்றது. 1939 பிப்ரவரியில் ஓடும்போது முன்னங்காலில் ஒரு நார் அறுந்துவிட்டது. அப்போது பொல்லார்டும் முந்திய ஆண்டு கால் எலும்பு நொறுங்கிப் படுத்திருந்தவர். “இரண்டு பேரின் கதையும் முடிந்தது” என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

ஹோவர்டு தன் பண்ணைக்கே இருவரையும் அழைத்துக்கொண்டார். அங்கே நடந்த வைத்தியம் என்ன? நடை! முதலில் கயிற்றைப் பிடித்து மெல்ல நடத்தினார்கள். கால் கொஞ்சம் தேறியதும் பொல்லார்டு அதன் மீது ஏறி மெல்ல நடைபோட வைத்தார். குதிரையும் நொண்டி, மேலே இருந்தவரும் நொண்டி! மாதங்கள் ஓடின. 1940 பிப்ரவரியில்தான் சீபிஸ்கட் மறுபடி பந்தயத்துக்கு வந்தது. முதல் பந்தயத்தில் மூன்றாம் இடம். அதற்கடுத்ததில் அதைவிட மோசம். யாரும் பதறவில்லை. 1940 மார்ச் 2-ந் தேதி, இரண்டு முறை நழுவிய அதே சாண்டா அனிடா பந்தயத்தில், அதே பொல்லார்டு மேலே இருக்க, சீபிஸ்கட் முதலாவதாக வந்தது. அப்போது அதற்கு வயது ஏழு. அதோடு கௌரவமாக ஓய்வும் கொடுத்துவிட்டார்கள்.

எத்தனை நாள் நடை?

ஒரு மாதத்துக்குக் குறைவான ஓய்வு என்றால், ஓய்வெடுத்த காலம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு காலம் பழக்கினால் போதும் என்பது பழைய கணக்கு. மூன்று நான்கு மாதம் சும்மா நின்ற குதிரைக்கு மூன்று மாதமாவது வேண்டும்.

முதல் இரண்டு வாரம் நடை மட்டும்தான். முதல் நாள் 15 அல்லது 20 நிமிஷம். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி முக்கால் மணி, ஒரு மணி நேரம். அதுவும் சோம்பல் நடை கூடாது. தலையை முன்னே நீட்டி, எட்டிப் போட்டு நடக்க வேண்டும். நெடுநாள் ஓய்வு என்றால், அதுவும் கால் காயத்துக்கான ஓய்வு என்றால், நடை மட்டுமே நான்கு வாரம், ஆறு வாரம் என்று நீளும். பிறகு ‘டிராட்’ எனப்படும் சிறு ஓட்டம், நடுநடுவே இரண்டு இரண்டு நிமிஷம். அதன் பிறகு ‘கேண்டர்’ என்னும் மெல்லிய பாய்ச்சல் ஏழாவது எட்டாவது வாரத்தில். முழு வேகம் எல்லாவற்றுக்கும் கடைசி. ஒரே சமயத்தில் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கூட்டுவதில்லை. இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றொன்று.

இங்கிலாந்தில் 2005-ல் தடை வரும் வரை நரி வேட்டைக்குப் போய்வந்த குதிரைகளைக் கோடையில் புல்வெளியில் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். நவம்பரில் வேட்டை ஆரம்பம் என்றால் ஆகஸ்டிலேயே பிடித்துக் கொண்டுவந்து, கிராமத்து ரோடுகளில் வாரக்கணக்கில் நடத்துவார்கள். காலை உறுதிப்படுத்த நடையை மிஞ்சிய மருந்து இல்லை என்பது அவர்கள் பரம்பரையாகக் கண்டது.

மாதேரான் குதிரைக்காரர்களுக்கு இயற்கை ஒரு வசதியைக் கொடுத்திருக்கிறது. மலை ஏற்றம்! ஏற்றத்தில் மெல்ல நடத்தினாலே இதயத்துக்கும் பின்னங்கால் சதைக்கும் நல்ல வேலை கிடைக்கும். வேகம் இல்லாததால் காலுக்கு அதிர்ச்சி இல்லை. இறக்கம் அப்படி அல்ல. எடை முழுவதும் முன்னங்கால் மீது சாய்கிறது. தேறி வரும் குதிரையைச் சரிவில் வேகமாக இறக்குவது மகா தப்பு.

கடற்கரை மணலும் இரண்டு வகை. அலை நனைத்த இறுகிய மணல் நல்லது. கால் புதையும் உதிரி மணலில் தசைநாண் இழுபட்டுவிடும். இங்கிலாந்தில் டாக்ஸி ஓட்டியும் பழைய கார் விற்றும் பிழைத்து வந்த ஜிஞ்சர் மெக்கெய்ன் என்ற பயிற்சியாளர், குளம்புக்குள் எலும்பு நோய் இருந்த ரெட் ரம் என்ற குதிரையை சவுத்போர்ட் கடற்கரை மணலிலும் உப்புத் தண்ணீரிலும் பழக்கினார். கிராண்ட் நேஷனல் என்ற கடினமான பந்தயத்தில் அது 1973, 1974, 1977 ஆகிய மூன்று ஆண்டுகளில் வென்றது.

தாடைக்கு அடியில் நாடி

குதிரை தேறிவிட்டதா என்பதைக் கண்டுபிடிக்க யந்திரம் எதுவும் வேண்டாம். கையில் கடிகாரம் இருந்தால் போதும். கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை வைத்தால் ரத்தக் குழாய் உருளும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் நாடித் துடிப்பு. வேலை முடிந்து பத்து நிமிஷத்தில் அது 60-ஐ ஒட்டி இறங்கிவிட்டால் அன்றைய வேலை அளவானது. இருபது நிமிஷம் கழித்தும் இறங்காவிட்டால் அதிகப்படி. மறுநாள் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அதைவிட முக்கியம், காலையில் லாயத்தைத் திறந்ததும் நான்கு கால்களையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது. ஒரு கால் மட்டும் சூடாக இருந்தாலோ, தசைநாண் பக்கம் லேசாகத் தடித்திருந்தாலோ அன்று வேலை இல்லை. குதிரை நொண்டாவிட்டாலும் சரி. நொண்டத் தொடங்கிய பிறகு பார்த்துப் பயனில்லை. தசைநாண் கிழிந்துவிட்டால் குணமாக ஒன்பது மாதம் முதல் ஒரு வருஷம். அப்படியும் பழைய பலம் வராது.

திங்கட்கிழமை நோய்

வேடிக்கையான பெயர், ஆனால் பொல்லாத நோய். வண்டிக் குதிரைகள் நிறைந்திருந்த காலத்தில் ஐரோப்பிய நகரங்களில் இது பிரசித்தம். வாரத்தில் ஆறு நாள் கடுமையாக உழைக்கும் குதிரைக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. தீனி மட்டும் வேலை நாளின் அளவே! திங்கட்கிழமை வண்டியில் பூட்டிக் கொஞ்ச தூரம் போனதும் குதிரை வியர்த்துக்கொட்டி, பின்பக்கச் சதை கட்டைபோல் இறுகி, நடக்க முடியாமல் நின்றுவிடும். சிறுநீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் போகும். அந்த நிலையில் அதை அடித்து நடத்துவது பாபம், ஆபத்தும்கூட. நின்ற இடத்திலேயே நிறுத்தி, மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

ஒரு நாள் ஓய்வுக்கே இப்படி என்றால், நான்கு மாத ஓய்வில் தீனியைக் குறைக்காமல் கொட்டினால் என்ன ஆகும்? ஆகவே ஓய்வில் இருக்கும் குதிரைக்குக் கொள்ளும் கடலையும் குறைய வேண்டும். புல்தான் பிரதான உணவு. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பது மனிதர்களுக்குச் சொன்னது. குதிரைக்கு அது தலைகீழ்!

வேலை கூடக்கூடத் தானியமும் கூடலாம். எப்போதும் வேலை முந்த வேண்டும், தீனி பிந்த வேண்டும். தீனியை மாற்றும்போது ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொண்டு படிப்படியாக மாற்ற வேண்டும். உடம்பு பெரிது, இரைப்பை சிறிது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. வயிற்று வலி வந்தால் உயிருக்கே உலை. லூசர்ன் புல்லுக்கு நம்மவர்கள் ‘குதிரை மசால்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சத்தான தீவனம்தான், ஆனால் சும்மா நிற்கும் குதிரைக்கு அதையும் அளந்துதான் போட வேண்டும்.

லாடமும் சேணமும்

குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளரும். நமக்கு நகம் வளர்வதுபோலத்தான். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் செதுக்கி, மறுபடி அடிக்க வேண்டும். ஓய்வுக் காலத்தில் செலவை மிச்சப்படுத்த இதை விட்டுவிடுவார்கள். முன்பக்கம் நீண்டு வளர்ந்த குளம்போடு குதிரை வேலைக்கு வந்தால், ஒவ்வொரு அடியிலும் பின்னால் உள்ள தசைநாண் கூடுதலாக இழுபடும். ஆகவே முதல் வேலை சேணம் போடுவதல்ல, லாடம் அடிப்பவரைக் கூப்பிடுவதுதான். துருப்பிடித்த ஆணி குத்தினால் குதிரைக்கு ரணஜன்னி சுலபமாக வந்துவிடும். அதற்கான தடுப்பூசியையும் அந்தச் சமயத்திலேயே போட்டுவிடலாம்.

முதுகையும் பார்க்க வேண்டும். பழைய சேணம் இப்போது பொருந்தாது. முதுகுச் சதை வற்றி, வயிறு பெருத்திருக்கும். தோலும் மென்மையாகியிருக்கும். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் கட்டினால் வயிற்றுவார் உரசிப் புண்ணாகும். புண் ஆற மறுபடி இரண்டு வாரம் ஓய்வு! புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு தாதர் முதல் பரேல் வரை நடந்தவர்களுக்கு இது புரியும்.

வியர்வை நின்றால்

மும்பையின் புழுக்கம் குதிரைக்குப் பெரிய எதிரி. குதிரை, மனிதனைப் போல் வியர்த்து உடம்பைக் குளிர்விக்கும் பிராணி. கடும் வேலையில் ஒரு மணி நேரத்தில் பத்து லிட்டருக்கு மேல் வியர்வையாகப் போய்விடும். கூடவே உப்பும் போகும். தண்ணீரோடு உப்பும் கொடுக்காவிட்டால் தளர்ந்துவிடும்.

சில குதிரைகளுக்கு இந்தப் புழுக்கத்தில் வியர்வையே நின்றுவிடுவது உண்டு. பிரிட்டிஷ் காலத்தில் குளிர் தேசத்திலிருந்து இங்கே கப்பலில் கொண்டுவந்த குதிரைகளிடம் இதைக் கண்டு துரைமார்கள் திகைத்தார்கள். வேலை முடிந்தும் தோல் உலர்ந்திருந்து, மூச்சு மட்டும் புஸ் புஸ் என்று வாங்கினால் அபாய அறிகுறி. உடனே நிழலில் நிறுத்தி உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டும். திரும்ப வேலைக்குப் பழக்குவதை விடியற்காலையில் வைத்துக்கொள்வது இதற்காகவும்தான்.

காய்ச்சலுக்காக ஓய்வெடுத்த குதிரை என்றால் கணக்கு வேறு. 2008-ல் ஜம்முவில் வைஷ்ணவ தேவி கோயிலுக்கு ஏறும் கட்ரா பகுதியில் தொடங்கிய குதிரைக் காய்ச்சல் பல மாநிலங்களுக்குப் பரவியது. இந்த நோயில், காய்ச்சல் அடித்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் ஓய்வு என்பது மருத்துவர்களின் விதி. மூச்சுக்குழாயின் உள்தோல் மறுபடி வளர மூன்று வாரமாவது வேண்டும். இருமல் இருக்கும்போதே ஓடவிட்டால் ஆயுசுக்கும் இரைப்புதான். சந்தேகம் இருந்தால் பரேலுக்கு அழைத்துப் போகலாம். 1886-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது.

பசியும் பொறுமையும்

இவ்வளவும் தெரியாதவர்கள் அல்ல குதிரைக்காரர்கள். பலருக்கு அப்பன் பாட்டன் காலத்திலிருந்து இதே தொழில். பிறகு ஏன் முதல் நாளே சேணம் கட்டிவிடுகிறார்கள்?

நான்கு மாதம் வருமானம் இல்லை. குதிரைக்கும் தீனி, வீட்டுக்கும் சோறு. கடன் வாங்கித்தான் ஓட்டியிருக்கிறார்கள். சீசன் திறந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமையே கூட்டம் வருகிறது. “இன்னும் மூன்று வாரம் நடத்த வேண்டும்” என்று குதிரையைக் கட்டி வைத்தால், வாடிக்கை பக்கத்துக் குதிரைக்குப் போய்விடும். ரேஸ் குதிரைக்கு முதலாளி இருக்கிறார், டாக்டர் இருக்கிறார். ஒற்றைக் குதிரையை வைத்துப் பிழைப்பவருக்கு அந்தக் குதிரைதான் முதல், அதுவே வட்டி.

இதற்கு வழி, பழக்குவதை முன்னாலேயே தொடங்குவதுதான். மழை நிற்பதற்காகக் காத்திராமல், தினம் அரை மணி நேரம் நடத்தி வந்தாலே போதும். குதிரை முழுதாகத் தளராது. செலவு எதுவும் இல்லை. உடன் நடக்கும் மனிதனின் கால்தான் வலிக்கும். சீசனின் முதல் வாரங்களில் கனமான ஆளை ஏற்றாமல் குழந்தைகளை மட்டும் ஏற்றி, சமதளத்தில் சிறு சுற்று நடத்தலாம். அது நடைப் பயிற்சியாகவும் ஆயிற்று, நாலு காசும் ஆயிற்று.

கல்யாணக் குதிரைக்குக் கூடுதலாக ஒரு பாடம் உண்டு. நான்கு மாதம் அமைதியான லாயத்தில் நின்ற அதற்கு டிரம்பெட் ஓசையும் பட்டாசுச் சத்தமும் மறந்திருக்கும். கால் தேறினால் மட்டும் போதாது, காதும் தேற வேண்டும். வாத்தியக்காரர்கள் ஒத்திகை பார்க்கும் இடத்துக்குக் கூட்டிப் போய் முதல் நாள் தூரத்தில் நிறுத்துவார்கள். கொள்ளுப் பையை வாயில் மாட்டிவிட்டுக் கழுத்தைத் தடவிக் கொடுப்பார்கள். மறுநாள் பத்தடி கிட்டே, அதற்கு மறுநாள் இன்னும் பத்தடி. டமாரம் அதிரும்போது காதை மட்டும் ஆட்டிவிட்டுத் தொடர்ந்து கொள்ளு மெல்லும் நாளில், மாப்பிள்ளையை ஏற்றலாம்.